வரிகளைச் சேர்த்துவிட்ட அச்சகம்

அறுபதுகளின் தொடக்கத்தில் செண்பகனூரில் ஆசிரியையாக இருந்தேன். ஓர் ஆடி மாதத்தில் என் முதல் கவிதைத் தொகுப்பைப் பழனி அடிவாரத்து அச்சகம் ஒன்றில் கொடுத்தேன். காவடிப் பாட்டுப் புத்தகங்கள் போடும் அச்சகம் அது. பிழை பார்த்துத் திருப்பி அனுப்பத் தபாலில் மெய்ப்பு வந்தபோது என் வரிகளெல்லாம் கட்டுரைபோல ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அந்த ஞாயிறே வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டில் பஸ் மாறிப் பழனிக்குப் போனேன்.

“பாதிப் பக்கம் சும்மா கெடக்குதேன்னு நான்தாங்க சேர்க்கச் சொன்னேன்,” என்றார் அச்சக முதலாளியான பாய்.

“சும்மா கெடக்கலைங்க பாய். கேளுங்க.”

கூக்கால் ஏரியில் பனி விலகுவதைப் பற்றிய கவிதையை வரிக்கு வரி நிறுத்தி வாசித்தேன். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். அதையே நிற்காமல் ஒருமுறை வாசித்தேன்.

“மொதல்ல வாசிச்சதுதான் நல்லாருக்கு. எழுத்த மறுபடி கோக்கச் சொல்றேங்க.”

எனக்கு வியப்பில்லை. காதால் கேட்டால் ஒப்புக்கொள்வார் என்று நம்பித்தான் போயிருந்தேன்.

தைப்பூசத்துக்கு முன்பே புத்தகம் வந்துவிட்டது. பாட்டுப் புத்தகங்களோடு அதையும் பாய் தன் கடையில் அடுக்கினார். வாங்கிய பக்தர் ஒருவர், “இத எந்த மெட்டுல பாடணும்?” என்று கேட்டாராம். பாய் கொஞ்சமும் தயங்காமல், “பாட வேணாங்க, வீட்டுக்குப் போயி நிதானமா வாசிங்க,” என்றாராம். அந்த வாரமே இரண்டாவது தொகுப்பை எழுத உட்கார்ந்தேன்.