சொல்ல முடியாத விண்ணப்பம்

கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆவதற்குள் என் மகள் ஷீபா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை. எடுத்தது கணக்கு. தமிழில் படித்தவளுக்கு அங்கே எல்லாம் இங்கிலீஷ்.

“யாரும் என்கூட பேசறதில்லம்மா. தனியா உக்காந்து சாப்புட வெக்கமா கீது. நான் போவல,” என்று அழுதாள்.

என் கணவர் கொத்து வேலை செய்பவர். மகள் அழுதால் தாங்கமாட்டார். “எதுக்கு இந்தப் பேஜாரு? கம்பெனி வேன்காரங்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கெழம வேலைக்குப் போவட்டும்,” என்றார். பத்தாவதோடு நின்றவள் நான். மல்லாட்டை மண்டியில் கடலை உரிக்கும் வேலை. அவரை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். அங்கே அவரவர் விண்ணப்பத்தை எழுந்து சொல்வார்கள். சொல்ல முடியாத விண்ணப்பம் இருப்பவர்கள் கையை மட்டும் உயர்த்தலாம். கூச்சத்தால் நான் எப்போதும் கை தூக்குவதோடு சரி. அன்றும் தூக்கினேன்.

ஜெபம் நடத்தும் கிருபை அக்கா, “இன்னா மேரி, வாய வூட்லயே வெச்சிட்டு கைய மட்டும் எடுத்துக்கினு வந்தியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். ‘ஆண்டவரே, திங்கட்கிழமை என் பிள்ளையின் படிப்பு போய்விடும். என் வாயைத் திறந்தருளும்’ என்று உள்ளுக்குள் கதறினேன்.

எழுந்துவிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

வல்லத்திலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த எஸ்தர் அக்கா பின்னாலிருந்து சத்தம் போட்டார். “அட, எம் பொண்ணு அங்கதான் மூணாவது வருசம் கணக்கு படிக்கிறா! அவளும் மொத வருசம் அழுதுக்கினேதான் போனா. பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொல்றேன், தைரியமா அனுப்பு.” எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து ஷீபாவிடம் சொன்னதும், “அந்த அக்கா கூட வந்தா போறேம்மா,” என்றாள்.

திங்கட்கிழமை வேன் வந்தது. கணவர் எழுவதற்குள் நானே தெருவுக்குப் போனேன். “எம் பொண்ணு வரமாட்டா. அவ படிக்கிறா. நீ கெளம்புப்பா,” என்றேன். கணவர் வாசலில் நின்று என்னையே பார்த்தார். பிறகு, “ஏய் ஷீபா, பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு,” என்றார்.

எல்லாம் உடனே மாறவில்லை. முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் தவறினாள். எஸ்தர் அக்காவின் மகளோடு உட்கார்ந்து படித்து, திரும்ப எழுதித் தேறினாள். இப்போது இரண்டாம் ஆண்டு. பஸ்ஸில் அவளுக்காக ஒரு கூட்டமே இடம் போட்டு வைக்கிறதாம்.

அன்பான தாய்மாரே, பிள்ளையின் துக்கத்தை வெட்கம் என்று மூடி வைக்காதீர்கள். கர்த்தருக்கு நம் மனதில் இருப்பதும் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு நாம் சொன்னால்தான் கேட்கும். அவள் மூலமாகவே அவர் பதில் தருவார். எனக்குத் தந்தார்.