பஸ்காரர் மனைவியும் அவள் அண்ணனும்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'அவசரம்' என்று பேர். வைத்தது நான்தான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய மெஷினில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இரண்டு பேர் உள்ளே விட வேண்டும். ஒரு விரிப்பு முழுசாக உள்ளே போவதற்குள் அடுத்ததை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்பாள். "ஏண்டி, ரயிலா கிளம்புது?" என்று கத்துவேன். மெஷின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி சிரிப்பாள்.

அவள் புருஷன் இந்த நாட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர். நெட்டையான ஆள், சாது, பொய் சொல்லச் சுத்தமாக வராது. நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அது உறவுமுறை என்று அவருக்குத் தெரியாது. தன் பெயர் என் வாயில் நுழையாமல் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவசரம் இங்கே தங்குவதற்குக் கொடுத்திருந்த அட்டையில் 'ஐரோப்பியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர்' என்று போட்டிருக்கும். "பாருங்கக்கா, என் பேரை விட இது பெரிசா இருக்கு" என்று காட்டுவாள்.

அந்த அட்டையைக் கொடுக்கும் முன் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துத் துருவினார்கள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்பது வரைக்கும் கேட்டார்கள். வெட்கம் கெட்ட கேள்விகள். உன் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று அவரிடமும், உனக்கு உண்டா என்று இவளிடமும் கேட்க, இருவரும் இல்லை என்றார்கள். உண்மைதான், அவள் வீட்டுக்கு ஒரே பெண்.

ஆனால் அவளுக்கு அண்ணன் ஒருவர் இருந்தார். பெரியப்பா மகன். நமக்கு இதில் என்ன குழப்பம்? அவள் அப்பா போன பிறகு படிக்கவைத்து, ஆளாக்கி, இந்தக் கல்யாணத்துக்கு ஊரே முகம் சுளித்தபோது பக்கத்தில் நின்றவர் அவர் ஒருவர்தான். பெரியப்பா மகன் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் நான் தோண்டிக் கேட்டதால். மற்றபடி வாய்க்கு வாய் அண்ணன்தான்.

அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று போன் வந்தது. குழந்தைக்கு அப்போது நல்ல காய்ச்சல். அதை மாப்பிள்ளை பொறுப்பிலும் என் பொறுப்பிலும் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். ஒரு வாரம் என்று போனவளை அவர் உயிர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துப் பிடித்துவைத்துக்கொண்டது. அதற்குள் அட்டையின் கெடு முடிந்துவிட்டது. "அவரை இப்படிப் போட்டுட்டு எப்படிக்கா வர்றது?" என்று போனில் அழுதாள். காரியமெல்லாம் முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். கெடு முடிந்திருந்தாலும், குடிமகனின் மனைவிதான் என்று தெளிவானால் உள்ளே விட வழி இருக்கிறதாம். உள்ளே அதிகாரி ஒருவர், போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, எதற்காகப் போனாய் என்று கேட்டிருக்கிறார். "எங்க அண்ணன் இறந்துட்டாருங்க" என்றிருக்கிறாள். சகோதரர் இறந்துவிட்டார் என்று அது மாறிப் போனது. பழைய பதிவில் சகோதரரே இல்லை. அதிகாரி சும்மா இருப்பாரா, வெளியே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

நான் பக்கத்திலேயே நின்றேன். உங்கள் மனைவிக்குச் சகோதரர் உண்டா? இல்லை என்றார். அன்றைக்குச் சொன்னதையே மாற்றாமல் சொல்லிவிட்டோம் என்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி வேறு. அப்படியானால் யாரைப் பார்க்கப் போனார்? "அண்ணன்" என்றார். அது யார் என்று கேட்டதும், அது அந்த மனிதருடைய பெயர் என்று விளக்கம் சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படியே நினைத்திருக்கிறார், பாவி மனுஷன். போனைப் பிடுங்கி நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். புருஷன் ஒன்று சொல்கிறான், மனைவி ஒன்று சொல்கிறாள், இது கல்யாணமே இல்லை என்று முடிவு கட்டி, அடுத்த விமானத்தில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள். குழந்தையை ஒரு பார்வை பார்க்கக்கூட விடவில்லை.

அங்கிருந்தே தூதரகத்தில் மறுபடி விண்ணப்பம் போட்டாள். மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு அவளிடமே போய்விடுகிறேன் என்றார். வேலை போனால் மனைவியைக் காப்பாற்ற வழியில்லாதவன் என்று அதையும் ஒரு காரணமாக எழுதுவார்கள் என்று நாங்கள் வைத்திருந்த வக்கீலம்மா தடுத்துவிட்டார். நேர்காணலில் ஒன்றே ஒன்று சொன்னால் போதும் என்றும் சொன்னார். இறந்தவர் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

"அண்ணன் இல்லன்னு எப்படிக்கா என் வாயால சொல்றது?" என்று போனில் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தவருக்குக் காது கேக்காதுடி. உம் பொண்ணு இங்க வாசல் மணி அடிச்சா அம்மான்னு ஓடுறா. தபால்காரரைப் பாத்துட்டு அழறா. சொல்லித் தொலை."

சொல்லிவிட்டாள். அவர் என் அண்ணன் இல்லை, பெரியப்பாவின் மகன் மட்டும்தான் என்று, வக்கீலம்மா கற்றுக்கொடுத்த அதே வார்த்தைகளில்.

பதில் வந்தது. மாப்பிள்ளை வாசித்துக்காட்டினார். கூடப்பிறந்தவர் அல்லாத ஓர் உறவினருக்காக, காய்ச்சலில் கிடந்த குழந்தையையும் கணவரையும் விட்டுவிட்டு, அட்டையின் கெடு முடியும் வரை ஒருவர் வெளிநாட்டில் தங்கியிருப்பது நம்பும்படியாக இல்லை. குடும்ப வாழ்க்கை உண்மையாக இருப்பதாகத் தெரியவில்லை. அனுமதி மறுக்கப்படுகிறது. அவர் அதையே திரும்ப முதலிலிருந்து வாசித்தார். போதும், நிறுத்துங்கள் என்றேன்.

மாப்பிள்ளை பஸ்ஸுக்குப் போகும் சாயங்காலங்களில் குழந்தை என் வீட்டில் இருக்கும். நேற்று அந்த நேரத்தில்தான் அவசரம் கூப்பிட்டாள். மேல்முறையீடு, வேறு வக்கீல் என்று நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மூச்சு வாங்க நிறுத்தி, "இருக்கியாடி?" என்றேன்.

"என்னை வளத்தவரை யாரோன்னு சொல்லிட்டேன்கா. சொல்லியும் விடல."