துணிக்கடையில் இருந்த ஹோப்பிக் கலயம்

வியட்நாம் சண்டையில் கான் ஹொய் துறைமுகக் கிடங்கில் ராக்கெட் விழுந்து என் கணவர் இறந்த பிறகு, தம்பியின் துணிக்கடையில் போய் உட்கார ஆரம்பித்தேன். வீடானாலும் கடையானாலும் எனக்கு ஒன்றுதான். துணியை அளந்தேன், கிழித்தேன், மடித்தேன். அழுகை வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஓர் அமெரிக்கச் சிப்பாய் வந்தான். கறுத்த முடி, மாநிறம். தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, இவன் ஏதோ மண்கலயத்தைக் காட்டுறான். உனக்குத்தான் கொஞ்சம் இங்கிலீஷ் வருமே, என்னன்னு கேளு."

உள்ளங்கையில் அடங்கும் கலயம். மஞ்சள் மண்ணில் கறுப்பும் செங்காவியுமாகக் கோலம். அவன் அரிசோனாவின் ஹோப்பி என்ற பூர்வகுடி இனத்தவனாம். அம்மா கையால் வனைந்து, செடியின் நாரைத் தூரிகையாக்கி வரைந்து, ஆட்டுப் புழுக்கையில் தீ மூட்டிச் சுட்டதாம்.

"எங்களையும் இந்தியர்னுதான் சொல்லுவாங்க" என்றான். தம்பி சிரித்தான்.

அவனை மலைப்பக்கம் சண்டைக்கு அனுப்புகிறார்களாம். "லாரி குலுக்கல்ல உடைஞ்சிடும். இங்கயே வச்சிருங்க, திரும்பி வந்து வாங்கிக்கிறேன்."

நான் கேட்காமலே கோலத்தின் மேல் விரலை ஓட்டினான். படிப்படியாக ஏறுவது மேகம். அதன் கீழே நெருக்கமான கோடுகள் மழை. வளைந்திருப்பது பறவையின் இறக்கை. "எங்க ஊர்ல மழை அபூர்வம். அதனால அம்மா எப்பவும் மழையையே வரைவாங்க."

சரி என்று தலையாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்தேன்.

மழைக்காலம் முடியும்போது வேறொரு சிப்பாய் வந்தான். வெள்ளைக்காரன். முன்னவனின் கூட்டாளியாம். கலயத்தைக் கேட்டான்.

"அவர் வரலையா?"

"செத்துட்டான். ஊருக்குப் போறப்ப அவங்க அம்மாகிட்ட கொடுக்கணும்."

எடுத்துப் பிரித்துக் காட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதெல்லாம் என்னன்னு உங்ககிட்ட சொன்னானா?"

சொன்னேன். மேகம், மழை, இறக்கை. என் கணவர் போன பிறகு நான் தொடர்ந்து அவ்வளவு பேசியது அன்றுதான். நான் சொல்லச் சொல்ல அவன் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டான். பிறகு சட்டைக்கையில் கண்ணைத் துடைத்தான். எனக்கு எதுவும் தோன்றவில்லை. துணி போதாது என்று இன்னொரு துண்டு கிழித்து, இறுக்கிச் சுற்றிக் கொடுத்தேன்.

அவன் போனதும் தம்பி கேட்டான். "அக்கா, சாப்பிடலாமா?"

சாப்பிட்டோம். அடுத்த வருஷம் கடையை மூடிவிட்டுக் காரைக்கால் வந்து சேர்ந்தோம். கலயம் அந்தத் தாயின் கைக்குப் போனதா என்று எனக்குத் தெரியவில்லை.