ஹியூபேட் தந்த சொல்

ஹியூபேட்டுக்கு ஆங்கிலச் சொல் என்றால் பைத்தியம். அதிலும் நாலு பேருக்குத் தெரிந்த சொல் அவருக்கு ஆகாது. ஊரெல்லாம் 'ஹங்றி' என்றால் அவர் 'றவனஸ்' என்பார். கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்து, சரக்கு வந்தது, சரக்குப் போனது என்று அதே நாலு வாக்கியங்களை ஆயுள் முழுக்கத் தட்டச்சு அடித்தவர். ஓய்வு கிடைத்ததும் அகராதியைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கல்யாணம் கட்டவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி வீட்டில், அவரைப் போலவே கட்டாமல் இருந்துவிட்ட அக்காவோடு வாழ்ந்தார். புதுச்சொல் எதுவானாலும் முதலில் அக்காவின் காதில்தான் விழும். அக்கா குசினியில் பயித்தங்காய் முறித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

"இந்தச் சொல்லச் சொன்னா மார்க்கெட்டில மீன் மலிவாத் தருவினமோ?"

"உங்களுக்கு விளங்காதக்கா."

"விளங்காட்டி என்ன, நீ சொல்லு. நீ சொல்லுறத ஆராவது ஒராள் கேக்கத்தானே வேணும்."

சனிக்கிழமை பின்னேரம் மட்டும் அவருக்கு வேறு காதுகள் கிடைக்கும். வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் ஆங்கிலப் பேச்சு மன்றம் கூடும். வங்கியிலும் கடைகளிலும் வேலை செய்யும் இளசுகள் கூச்சம் தெளியப் பேசிப் பழகும் இடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தொடக்கத்தில் ஒருவர் மேடையேறி 'இன்றைய சொல்' என்று அரிதான சொல்லொன்றைத் தருவார். பொருள் சொல்லி, உதாரண வாக்கியம் ஒன்றும் சொல்வார். எல்லோரும் கைதட்டுவார்கள். பிறகு பேச வருகிறவர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் பேச்சில் எங்காவது நுழைத்துவிட வேண்டும். நுழைத்தால், சொல் தந்தவர் மணி அடிப்பார். இந்த உத்தியோகம் ஹியூபேட்டுக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. வேறு எவரும் அதற்கு ஆசைப்படவும் இல்லை.

எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'. அங்கிள் எங்கே இருக்கிறார், வீட்டில் யார் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை, கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்த அக்கா, கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். மாதம்பிட்டிச் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து, நீர்கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர் சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு பேச்சுக்குரல் இல்லை. டிவியைப் போட்டுப் பார்த்தார். அது தன்பாட்டில் பேசியதே தவிர, இவர் சொல்வதைக் கேட்கிறதா என்ன? தனிமை தாங்க முடியாமல் இருந்தது. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது, மன்றத்துப் பிள்ளைகளை விட்டால் அவருக்கு வேறு ஆளும் இல்லை. அவர்களுக்கு அவர் அதுவரை வாட்ஸ்அப்பில் போட்டதெல்லாம் 'சுகமில்லை, கொஞ்ச நாளைக்கு வரமாட்டேன்' என்பது மட்டும்தான். பதிலுக்குக் கட்டைவிரல் படங்கள் வந்திருந்தன.

நேரே போய்ச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். அதுதான் இந்த மனிதருக்கு வராதே! எதற்கும் பொருத்தமான ஒரு சொல் வேண்டும் அவருக்கு. நாள் கணக்காக அகராதியைப் புரட்டிக் கடைசியில் ஒன்றைக் கண்டெடுத்தார். 'பிரெஃப்ட்.' இருந்ததைப் பறிகொடுத்துவிட்டு நிற்பது.

அந்தச் சனிக்கிழமை சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு மேடையேறினார். பொருளைச் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், "என் அக்கா போன மாதம் இறந்துபோனார். நான் பிரெஃப்ட் ஆகி நிற்கிறேன்" என்றார். குரல் நடுங்கியது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

"அங்கிள் இன்டைக்கு அக்டிங்கும் சேத்து!" என்று பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள் மன்றத் தலைவி சஹ்லா. அது அவருடைய காதிலும் விழுந்தது. வாய் திறந்து மறுக்க நினைப்பதற்குள் அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார்கள்.

ஃபோன் கடையில் வேலை செய்யும் நப்ரீஸ், குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு 'பிரெஃப்ட்' ஆன கதையைச் சொன்னான். சிரிப்பு. ஹியூபேட் மணி அடித்தார். அடுத்துப் பேசிய ரொஷேல், டொக்டர் சீனியை நிறுத்தியதால் தன்னுடைய பிளேன்ரீ 'பிரெஃப்ட்' ஆகிவிட்டது என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. அதற்கும் மணி அடித்தார். பிள்ளைகளைக் கோபிக்கவும் வழியில்லை. எத்தனை சனிக்கிழமை, இல்லாத மாமாவையும் பிறக்காத தம்பியையும் சாகடித்து உதாரணம் சொன்னவர் அவர்!

கூட்டம் முடியும் நேரம், இன்றைய சொல்லை நன்றாகப் பயன்படுத்தியவர் யார் என்று சஹ்லா கேட்டாள். ஹியூபேட் எழுந்தார். ஒரு பெயரும் வாயில் வரவில்லை. ஆங்கிலமே வரவில்லை.

"நான் சொன்னது உதாரணமில்ல, பிள்ளையள். எங்கட அக்கா உண்மையாவே மோசம் போயிட்டா. வீட்டில இப்ப ஒருத்தருமில்ல."

சஹ்லா நாடியில் கைவைத்தபடி நின்றாள். ஹியூபேட் தன் கதிரையில் போய் இருந்தார். நப்ரீஸ்தான் எழுந்து வந்து, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மெய்யாவா அங்கிள்? அல்லாஹ்... நான் வெளாட்டுக்கு அப்பிடிச் சொல்லிட்டேன்."

"நீர் என்ன செய்வீர், மகன்."

அதற்குமேல் என்ன கேட்பதென்று நப்ரீசுக்குத் தெரியவில்லை. கிழமை தவறாமல் கண்ட மனிதர், ஆனால் அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கடைசியில் கேட்டான்:

"அவங்கட பேரென்ன அங்கிள்?"

"யோசெப்பின்" என்றார் ஹியூபேட். சேமக்காலையிலிருந்து திரும்பிய பிறகு அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. நப்ரீஸ் எழுந்து போகவில்லை.