அங்குலம் அண்ணன் வாங்கிய மானிட்டர்கள்

எங்கள் கம்ப்யூட்டர் கடையில் அவரை எல்லாரும் அங்குலம் என்றுதான் கூப்பிடுவோம். மானிட்டர் பிரிவு அவர் கையில். உள்ளே வருகிறவர்கள் "இருக்கறதிலேயே பெருசு எது?" என்று கேட்டுவிட்டால் போதும், அவருக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும்.

"பெருசா வாங்கி கூரையா போடப் போறீங்க? உக்காருங்க. கையை நீட்டுங்க."

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டவேண்டும். விரல் நுனி திரையைத் தொடுகிற தூரம்தான் சரியான தூரம். இருபத்து நாலு அங்குலமா, இருபத்தேழா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். திரை பெரிதாகிப் புள்ளிகள் கூடாவிட்டால் எழுத்து பிசிறடிக்கும் என்பார். ஆவணம் தட்டுகிறவருக்குத் திரை நொடிக்கு அறுபது தடவை மாறினால், அதாவது அறுபது ஹெர்ட்ஸ், தாராளம், வேகமான விளையாட்டு ஆடுகிறவருக்குத்தான் நூற்று நாற்பத்து நாலு என்பார். எதிரே ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனால் அவரிடம் வாங்கிப்போன மானிட்டரை யாரும் திருப்பிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே இருந்தது.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். வீட்டில் இருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பவர். வாய் ஓயாமல் பேசும் மனிதருக்கு வாய்த்த அமைதியான மனுஷி.

ஒருநாள் அண்ணி, மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி காணாமல் போகிறது என்றார். அண்ணன் சிரித்தார். "அறுபது ஹெர்ட்ஸ்ல அது தாவித் தாவித்தான் ஓடும். வேற மாத்திடலாம்." நூற்று நாற்பத்து நாலு வீட்டுக்குப் போனது. கொஞ்ச நாளில், வரிக் கடைசியில் இருக்கும் பிழைகள் கண்ணில் படவில்லை என்றார். புள்ளி நெருக்கம் போதவில்லை என்று அண்ணன் முடிவு கட்டினார். இருபத்தேழு அங்குலம் போனது. அப்புறம் மேசை ஓரத்தில் இருந்த தண்ணீர் டம்ளரை அண்ணி தட்டிவிடத் தொடங்கினார். திரையின் கால் மேசையை அடைத்துக்கொள்கிறது என்று சொல்லி, அண்ணன் சுவரில் பொருத்தும் தாங்கி வாங்கினார். கடைசியாகப் போனது முப்பத்திரண்டு அங்குலம். ஊருக்கெல்லாம் பெரிது வேண்டாம் என்று சொன்ன மனிதர், பெண்டாட்டிக்கு மட்டும் ஒன்றைவிடப் பெரிதாக இன்னொன்று என்று சுமந்துகொண்டு போனார்.

ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையில் கடைக்கு வந்து, "நல்லா இருக்குன்னு சொல்லிட்டாம்மா" என்பார். முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

முப்பத்திரண்டு வந்த பிறகு அண்ணி கதவு நிலையில் மோதி நெற்றியைப் புடைத்துக்கொண்டார். கதவு நிலைக்கு என்ன ஹெர்ட்ஸ் சொல்வது? அன்றைக்குத்தான் கண் டாக்டரிடம் போனார்கள்.

மறுநாள் அவர் கடைக்குள் வரவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து போனேன்.

"ஓரமெல்லாம் போயிடுச்சாம்மா. நடுவுல மட்டும், குழாய்க்குள்ள பாக்கற மாதிரி தெரியுதாம். கண்ணுக்குள்ள அழுத்தமாம். வலிக்காதாம், சொல்லாமக் கொள்ளாம தின்னுட்டே வருமாம். இருக்கறதை மருந்து ஊத்திக் காப்பாத்தலாம், போனது வராதுங்கறாங்க." செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "முன்னாடியே வந்திருந்தா, அப்படின்னு ஆரம்பிச்ச டாக்டர், என் முகத்தைப் பாத்துட்டு நிறுத்திட்டாரு."

வேறு வேலை பார்க்கிற ஒருவர் என்றால் முதல் மாதமே மனைவியின் கண்ணை டாக்டரிடம் காட்டியிருப்பார். இவருக்கு அண்ணி சொன்ன ஒவ்வொன்றுக்கும் கடையிலேயே பதில் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது, அடுத்த நொடியே அழுகையும் வந்தது.

பார்வை ஓரம் போனவர்களுக்குப் பெரிய திரையில் தேடும் இடம்தான் கூடும். அதனால் கடையில் இருந்ததிலேயே சின்ன மானிட்டரை எடுத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாள் மதியம் நானும் கூடப் போனேன். முப்பத்திரண்டை அண்ணனே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். சின்னதை வைத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி, எழுத்தை ஒழுங்கு செய்தேன். அண்ணி மவுஸை மெதுவாக நகர்த்திப் பார்த்தார்.

"இப்ப அம்பு எங்கயும் ஓடல. நல்லா இருக்குங்க."

"நெசமாத்தான் சொல்றியா?" என்றார் அண்ணன். இதற்கு முன்பு அவர் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்.

அண்ணிக்குக் கேள்வி புரிந்துவிட்டது. மவுஸிலிருந்து கையை எடுத்தார். "பெட்டியைப் பிரிக்கும்போது உங்க முகம் இருக்கே, அதைப் பாத்துட்டு நல்லா இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. ஒரு தடவைகூட வரல."

அண்ணன் அண்ணியின் நாற்காலிக்குப் பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். சத்தம் வராமல் அழுதார். அண்ணி முகத்தை அங்கும் இங்கும் திருப்பித் தேடினார்.

"எங்க நிக்கறீங்க? நடுவுல வாங்க, அப்பதான் தெரியுது."

அண்ணன் சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, திரையை மறைத்தபடி முன்னால் வந்து குனிந்தார். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துடைச்சிட்டு வந்திருக்கீங்க" என்றார்.