மயில்வாகனம் அண்ணையின் குன்றிமணித் தராசு

மயில்வாகனம் அண்ணை போய்விட்டார். இன்று விடிய, அரியாலை வீட்டில். வாட்ஸ்அப்பில் யாரோ படம் அனுப்பியிருந்தார்கள்... நெற்றி நிறைய விபூதியோடு.

இதை வாசிக்கிற உங்கள் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. அவரோடு வேலை பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். தொண்ணூறு தாண்டிய கிழவன் ஒற்றை விரலால் டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதுகளில், ஜப்பான் சண்டைக் காலத்தில், நாங்கள் ஒரே கந்தோரில் கிளாக்கர்கள். என்னை விட நாலைந்து வயது மூத்தவர். வேட்டைப் பைத்தியம்.

அவரிடம் ஒரு பழைய ரைபிள் துவக்கு இருந்தது. லைசென்ஸ் இருந்தது. தோட்டாதான் இல்லை... சண்டை தொடங்கிய பிறகு கடைகளில் அந்தப் பேச்சே கிடையாது.

அதனால் சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெறுங்கோதுகளைச் சேர்த்து வைத்து, தானே வெடிமருந்து அடைப்பார். ஒரு டின் மருந்தும், கோதின் அடியில் வைக்கிற கேப்பு கொஞ்சமும் முன்பே வாங்கி வைத்திருந்தார்.

குண்டு வார்ப்பது அவருடைய தம்பி செல்லத்துரை. என் வயதுதான். கடற்கரையில் கழித்துப் போட்ட வலை ஈயத்தைப் பொறுக்கி வந்து, சிரட்டைக் கரியில் உருக்கி அச்சில் ஊற்றுவான்.

மருந்து நிறுப்பதற்குத் தட்டாரிடம் இரவல் வாங்கிய பொன் தராசு. படிக்கல்லுக்குப் பதில் குன்றிமணி. சூம்பின விதை, ஊதின விதை எல்லாவற்றையும் அண்ணை தள்ளிவிடுவார்.

காற்று தட்டை ஆட்டும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்த்து ஒழுக இருப்போம். நான் எண்ண வேண்டும், அவர் திரும்ப எண்ண வேண்டும். கந்தோரில் கூட்டல் பிழை விடுகிற மனுசன், இதில் மட்டும் அப்படி ஒரு கவனம்.

குண்டின் பாரத்தில்தான் எங்களுக்குள் எப்போதும் சண்டை. மானோ பன்றியோ, லேசானதுதான் நேரே போகும் என்பது என் கட்சி.

"ஐசே, மானுக்கு லேசானது காணும். பண்டிக்குத் தோல் தடிப்பு, பாரமானது இல்லாட்டி உள்ளை போகாது. பாரத்தைக் கூட்டினா மருந்தைக் குறைக்க வேணும், இல்லாட்டித் துவக்கு தாங்காது."

"பாரமான குண்டு பாதி வழியிலை விழுந்திடும் அண்ணை."

"பண்டி என்ன, உமக்காகத் தூரத்திலையே நிக்குமோ? கிட்டப் போய்ச் சுடும்."

செல்லத்துரை சிரித்துக்கொண்டே பாரமான குண்டுக்குப் புது அச்சு செய்தான்.

பளைக்கு அங்கால் அவர்களுக்கு வயல். அந்த முறை கதிர் முற்றுகிற நேரம் காட்டிலிருந்து பன்றி இறங்கத் தொடங்கியது. அண்ணை லீவு போட்டுவிட்டுப் போனார். நான் கந்தோரில்.

வயல் கொட்டிலில் தராசை விரித்தபோது குன்றிமணி போதவில்லையாம். தராசோடு தட்டார் தந்த பையில் மஞ்சாடி விதை கிடந்தது. ஒரு மஞ்சாடி இரண்டு குன்றிமணிப் பாரம்... நித்திரையில் கேட்டாலும் அவர் சொல்லுவார்.

ஆனால் வெளியே தம்பி கூப்பிடுகிறான். "அண்ணை, பண்டி வயலுக்குள்ளை இறங்கீட்டுது, கெதியா வாங்கோ."

அந்த அவசரத்தில், கை பழகின எண்ணிக்கைக்கே மஞ்சாடியை எண்ணிப் போட்டுவிட்டார். அவ்வளவு குன்றிமணி போடவேண்டிய இடத்தில் அவ்வளவு மஞ்சாடி. மருந்து இரண்டு மடங்கு. திரும்ப எண்ண ஆள் இல்லை.

அந்தத் தோட்டாவை வாங்கிப் போட்டுச் சுட்டது செல்லத்துரை. துவக்கு அவன் முகத்துக்கு முன்னால் வெடித்தது.

இரண்டு கண்ணும் போய்விட்டது.

அண்ணை கல்யாணம் செய்யவில்லை. சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், தம்பிக்குச் சவரம் எடுத்துவிட்டார். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும், கல்யாண வீட்டுக்குச் சொல்ல வந்தவர்கள் என்றாலும், இருத்திவிட்டு முதல் கதை அதுதான்.

"நான்தான் மருந்து போட்டனான். கூடப் போட்டிட்டன்."

"விடுங்கோ அண்ணை, வந்தவை தேத்தண்ணி குடிக்கட்டும்" என்பான் செல்லத்துரை.

அவனுக்கு அண்ணை மேல் கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவனுடைய கேள்வி வேறு. அவன் வார்த்த முதல் பாரமான குண்டு அது.

"பண்டியிலை பட்டதோ அண்ணை?"

அதைக் கேட்டவுடன் அண்ணை எழும்பி வீட்டு வளவுக்குள் போய்விடுவார். பன்றியை யார் பார்த்தார்... தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. பட்டது என்று ஒரு சொல் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"ரண்டு கண்ணைக் குடுத்திட்டு அவன் கேக்கிறது அது ஒண்டுதான் ஐசே. அதுக்கும் பொய் சொல்லவோ?"

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

இன்று காலை மருதனார்மடத்திலிருந்து போன் எடுத்தேன். முழங்கால் விடுகிறதில்லை, இனிச் செத்த வீடுகளும் எனக்குப் போனில்தான். செல்லத்துரைதான் எடுத்தான்.

"மச்சான், அண்ணை உன்னட்டை எப்பவாவது சொன்னவரோ... பட்டதோ எண்டு?"

"இல்லையடா."

"அப்ப இனி ஒருத்தருக்கும் தெரியாது" என்றான்.

போனை வைக்கவில்லை அவன். பின்னால் பறை கேட்டுக்கொண்டிருந்தது. இனி அவனை யார் பார்ப்பது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

போங்கோ அண்ணை... இனி வீட்டுக்கு வருகிறவர்களிடம் நீங்கள் அதைச் சொல்ல வேண்டியதில்லை.