அடுப்புக்குத் தைத்த சட்டை

என் வீட்டுக்காரர் ஒரு வாயில்லாப் பூச்சி. ஒரு பங்களாவில் தோட்ட வேலை, காவல், எடுபிடி எல்லாம் அவர்தான். சம்பளத்தோடு பின்பக்கம் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். இந்தப் பயத்திலேயே மனுஷன் பாதி ஆயுசைக் கழித்தார்.

அந்தத் தோட்டத்தில் கல்மேடை கட்டி, அதில் ஒரு கிரில் அடுப்பைப் பதித்திருந்தார்கள். கழற்றி உள்ளே வைக்க முடியாது. கறி சுடுகிற அந்தச் சனியனுக்கு அளவெடுத்து உறை தைத்தார்கள். மூடியின் வளைவுக்கு ஏற்ற வளைவு, உள்ளே ஈரம் தங்காமலிருக்க காற்றோட்டம், கீழே இழுத்துக் கட்ட வார். எங்கள் அறைக் கூரையோ மழைக்கு ஒழுகும். “அடுப்புக்குச் சட்டை தச்சாச்சு, நமக்கு எப்பங்க?” என்று கேட்பேன். சிரிப்பார். சிரித்தால் இருமல் வந்துவிடும். நெஞ்சு ஏற்கெனவே பழுது. புகையும் ஈரமும் ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் உறையைப் பாழாக்கியது முதலாளியின் மகன். அடுப்பு ஆறுவதற்குள் போட்டு மூடியதில் துணி உருகி ஒட்டிக்கொண்டது. திட்டு வாங்கியது இவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்குவேன்” என்றார் முதலாளி. அதற்குப் பிறகு, புறங்கையால் மூடியைத் தொட்டுப் பார்க்காமல் இவர் புது உறையைப் போட்டதே இல்லை.

ஒரு சாயங்காலம் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கறி பாதி வெந்திருக்கும்போது மழை கொட்டியது. எல்லாரும் தட்டோடு உள்ளே ஓடினார்கள். “அடுப்பு நனையுதுய்யா! மூடு!” என்று வாசலில் நின்று கத்தினார் முதலாளி. மூடினால் உறை உருகும். மூடாவிட்டால் அடுப்பு நனையும். இவர் என்ன செய்தார் தெரியுமா? உறையை இரண்டு கையாலும் விரித்து, அடுப்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழுப்புப் புகை முழுக்க அவர் முகத்தில், மழை முழுக்க அவர் முதுகில்.

“ஏங்க, விட்டுட்டு வாங்க! இரும்பு நனைஞ்சா தொடச்சுக்கலாம்!”

“கொஞ்ச நேரந்தான், ஆறிடும். நீ உள்ள போ.”

“அடுப்புக்குக் குடை பிடிக்கிறான் பாரு” என்று உள்ளே யாரோ சிரித்தார்கள். நாசமாய்ப் போக! அடுப்பு ஆறியது. தொட்டுப் பார்த்து, மூடி, வாரைக் கட்டிவிட்டுத்தான் ஈரத் தரையில் உட்கார்ந்து இருமினார். இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் மூச்சுக்குத் தவித்துப் போய்ச் சேர்ந்தார்.

துக்கத்துக்கு வந்த முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தங்கமான மனுஷன். அடுப்புல ஒரு பொட்டுத் துரு இல்லம்மா” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறையைக் காலி செய்த அன்று, “புது ஆளுக்கு இந்த உறை போடுறத மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போம்மா” என்றார். புது ஆளுக்கு என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். அவர் மனைவி வெளிகேட் பக்கத்தில் மூட்டைகளோடு எங்கள் அறையையே பார்த்தபடி நின்றாள். முதலாளி கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

“அண்ணே, அடுப்பு சூடா இருக்கும்போது மழை வந்தா உள்ள ஓடிருங்க. நனைஞ்சா நனையட்டும்.”

அவர் முதலாளி முகத்தைப் பார்த்தார். பிறகு கேட் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். மெல்லக் குனிந்து உறையின் ஓரத்தைப் பிடித்தார்.

“இந்த வாரை எந்தப் பக்கம்மா கட்டணும்?”